வெள்ளி ராவு

குவைத்
20 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி அகீலாவுக்கு,

ராத்தாவின் ஸலாம். நீ, உன் மாப்பிள்ளை ஸப்ரான், கைக்குழந்தை ஃபாஹிம், என் மகள் சுல்பா, நாலு பேரும் சுகமாக இருக்கத் துஆ கேட்கிறேன். நான் நல்ல சுகம். இடுப்பு வலி மட்டும் விட்டுப் போகவில்லை. ஏழு கிலோப் பிள்ளைகள் இரண்டை இரண்டு பக்கமும் சுமந்தால் யாருக்கும் அப்படித்தான்.

இந்தக் கடிதம் உன் ஃபோனுக்குப் படமாக வந்த கதையை முதலில் சொல்கிறேன். என் ஃபோன் மேடத்திடம். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் தருவாள், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. வீட்டு டிரைவர் இன்சாப் நானா சிலாபத்துக்காரர், நல்ல மனுஷன். "ஒங்கட குரல ரெக்கோட் பண்ணித் தாங்க, நான் அனுப்புறேன்" என்றார். அவர் காதுபட நான் என்னத்தைக் கதைக்க, என்னத்தை அழ? எழுதித் தருகிறேன், படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். அவர் சிங்களப் பள்ளியில் படித்தவர். நம்மைப்போலத் தமிழ் கதைப்பார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீயும் தாளில் எழுதிப் படமெடுத்து அவருக்கே அனுப்பு.

இனி விஷயம். என் இரண்டு வருஷம் மே மாதத்தோடு முடிந்தது. மேடத்துக்கு ஜனவரியில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததால், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று இழுத்தாள். என் பாஸ்போட்டும் அவளுடைய அலுமாரிக்குள்தான். நேற்றுக் கூப்பிட்டு, பெரிய பரிசு தருகிறவளைப்போல ஒன்று சொன்னாள். ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு விடுமுறைக்கு இலங்கை போகிறார்களாம். பிள்ளைகளைப் பார்க்க நானும் வர வேண்டுமாம். அப்படியே என் மகளையும் பார்த்துக்கொள்ளலாமாம். அதுதான் என் லீவாம்.

அடுத்தவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்கே உல்லாசப் பயணம் போகும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஆனாலும் சுல்பாவைப் பார்ப்பேன். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவள், இப்போது நாலு வயது. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பதில் உடனே போடு.

உன் ராத்தா
ஃபஹ்மியா


மாம்புரி
27 ஜூன் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் ஸலாமுக்குப் பதில் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். ஃபாஹிமுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. அதைச் சுகத்தில் சேர்ப்பதா நோயில் சேர்ப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "லீவு எண்டா வீட்ட வாறதுதானே, இது என்ன லீவு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். ஜௌபர் மச்சான் தலாக் சொல்லிவிட்டு வண்ணாத்திவில்லுவில் வேறு குடும்பம் வைத்தபோது, உங்களுக்கென்று ஒரு வீடு வேண்டும், கூரை போடும்வரைதான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கூரை போட்டு ஆறு மாதமாகிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பூட்டிக் கிடக்கிறது. இனி என்னத்துக்கு அங்கே?

சுல்பா நன்றாக இருக்கிறாள். பாலர் பாடசாலையில் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஃபோனை நீட்டினால், "ஃபோன் உம்மாக்கு ஸலாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். உங்களுக்குக் கேட்டிருக்காது.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி
அகீலா


குவைத்
9 ஜூலை 2025

அன்பான அகீலாவுக்கு ஸலாம்.

ஃபாஹிமின் பல் வெளியே வந்ததா? கையை நன்றாகக் கழுவி, பல் வரும் முரசை விரலால் அழுத்தித் தேய்த்துவிடு. இங்கே மேடத்தின் பிள்ளைகள் ஹமதுக்கும் ஸஊதுக்கும் அப்படித்தான் செய்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பைத் தவிர.

இங்கே பயணக் கூத்து தொடங்கிவிட்டது. போவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஆறு பெட்டிகள் இப்போதே வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. பால்மா பத்து டின். இலங்கையிலும் பால்மா இருக்கிறது என்றேன். அந்த மாடு வேறு என்கிறாள் மேடம். பம்பஸ் நாலு பெட்டி, போத்தல் அவிக்கும் மெஷின், இரண்டு பேர் உட்காரும் தள்ளுவண்டி. அந்த வண்டி இந்த வீட்டு வாசலாலேயே போகாது, விமானத்துக்குள் எப்படிப் போகுமோ. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போன கதையைக் கேள். பிள்ளையின் கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. அதனால் என்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, என்னைக் கதிரையாக்கி, என் மடியில் பிள்ளைகளை வைத்து எடுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் துணிக்குள் வெந்தேன். படத்தில் பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள், நான் இல்லை.

இவர்கள் போகும் இடங்கள் கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை. நம் பக்கம் கிடையாது. "மகளைக் கொழும்புக்கு வரச் சொல்" என்கிறாள். எந்த நாள், எந்த ஹோட்டல் என்று கேட்டால் தெரியாது என்கிறாள். அதனால் ஒரு வேலை பார்த்தேன். நம் பக்கத்துக் கற்பிட்டியின் டொல்பின் படங்களை இன்சாப் நானாவின் ஃபோனில் எடுத்து மேடத்திடம் காட்டினேன். ஆகஸ்ட்டில் நூறு நூறாகக் குதிக்கும் என்று அளந்துவிட்டேன். மேடத்தின் கண் விரிந்துவிட்டது. அல்லாஹ் நாடினால் நடக்கும்.

ஃபோன் உம்மா என்றதற்கு நானும் சிரித்தேன். அப்படியென்றால் வெறும் உம்மா யார்?

ராத்தா


மாம்புரி
24 ஜூலை 2025

அன்புள்ள ராத்தா, ஸலாம். சுகமா?

பதில் பிந்திவிட்டது. மிளகாய் பிடுங்கும் நாட்கள், ஃபாஹிமுக்கு வயிற்றோட்டம், சுல்பாவுக்குச் சளி. இப்போது எல்லாருக்கும் சுகம்.

டொல்பின் கதை என்ன கதை, ராத்தா? நீங்கள் இந்தக் கரையில்தானே பிறந்தீர்கள்? ஆகஸ்ட்டில் கடல் கொந்தளித்துக்கொண்டு கிடக்கும். டொல்பின் காட்டும் போட்டெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அந்த மேடம் வந்து வெறும் கடலைப் பார்த்துவிட்டு உங்களைத்தான் கடிப்பாள். வேறு பொய் கிடைக்கவில்லையா?

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். போன கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். இரட்டைப் பிள்ளைகள் இரண்டே முக்கால் பக்கம். சுல்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்று ஒரு வரி கேட்கவில்லை. ஹமதின் முரசு எனக்கு என்னத்துக்கு?

வந்தால் ஒரேயடியாக வாருங்கள். இல்லாவிட்டால் யோசித்துச் செய்யுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும், விளங்கியதைச் சொல்லத்தான் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகீலா


குவைத்
30 ஜூலை 2025

அகீலா,

ஸலாம். நீ திட்டியதை வாங்கிக்கொண்டேன். திட்டும் அளவுக்குச் சுகமாக இருக்கிறாய், அல்ஹம்துலில்லாஹ்.

கற்பிட்டி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 12 செவ்வாய் வருகிறோம், 16 சனி காலை நுவரெலியா புறப்படுகிறோம். நாலு இரவு. நம் வீட்டிலிருந்து த்ரீவீலில் முக்கால் மணித்தியாலம். எப்படியும் ஒரு நாள் முழுவதும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். டொல்பினை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

சுல்பாவுக்கு என்ன பிடிக்கும், எழுது. சட்டை அளவு, செருப்பு அளவு எழுது. எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்றும் எழுது. நான் கேட்கவில்லை என்றாய், கேட்டுவிட்டேன். இந்த வீட்டில் எனக்கு யோசிக்க இடமே இல்லை, அகீலா. ஒருவன் தூங்கினால் மற்றவன் எழும்புகிறான். எழுத உட்கார்ந்தால் கைக்கு எது கிட்டமோ அதுதான் தாளில் வருகிறது. அவளை யோசிக்கத் தொடங்கினால் என்னால் பால் போத்தல் கழுவ முடியாது. அதனால்தான் எழுதுவதில்லை.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் சொல்லவில்லை. வெறும் உம்மா யார்?

ராத்தா


மாம்புரி
5 ஆகஸ்ட் 2025

அன்பு ராத்தா, ஸலாம். இங்கே சுகம், உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

சட்டை ஐந்து வயது அளவு எடுங்கள், வளர்ந்துவிட்டாள். செருப்பு பதினொன்று. முட்டை ரொட்டி பிடிக்கும். மீன் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். எட்டரைக்குத் தூங்குவாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

கீழே நாலு வரி வெட்டியிருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம்.

பயணம் லேசாகட்டும்.

அகீலா


கற்பிட்டி
13 ஆகஸ்ட் 2025, புதன்

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

எல்லாரும் சுகமா? எனக்குத் தலையிடி. இந்தத் துண்டைக் கொண்டு வருவது ஜெசிக்கா, ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் பிள்ளை. வீடு நுரைச்சோலை. தன் பஸ் தரிப்பில் இறங்காமல் உன் வீடுவரை வந்து தருகிறேன் என்றாள். நாளைக்கும் மறுநாளும் அவளுக்கு லீவு, அதனால் பதில் அனுப்ப வழியில்லை. கவனமாக வாசி.

நேற்று நம் ஊர் வழியாகத்தான் வந்தோம். எனக்குத் தெரியவே இல்லை. ஹமத் வேனுக்குள் சத்தி எடுத்து, நான் குனிந்து இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நுரைச்சோலை.

இங்கே வந்தும் நிம்மதி இல்லை. காற்று மணலை அள்ளிப் பால் போத்தலுக்குள் போடுகிறது. பிள்ளைகள் இரண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்துகின்றன. டொல்பின் எங்கே என்று மேடம் கேட்டாள். போட்காரர் சிரித்துவிட்டு, டிசம்பரில் வாருங்கள் என்றாராம். நான் பொய் சொல்லி இந்த மணல்காட்டுக்கு இழுத்து வந்துவிட்டேனாம். ஓம், இழுத்துத்தான் வந்தேன். அந்தக் கோபத்தில் ஒரு நாள் லீவு போய்விட்டது. உன்னை உள்ளே கூப்பிடவும் முடியாது, மேடம் சொல்லாமல் கேட்டில் ஆள் விட மாட்டார்கள்.

அழுது கேட்டு இவ்வளவுதான் வாங்கினேன். வெள்ளி ராவு அவர்களுக்குக் கடற்கரையில் விருந்து. பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு எனக்கு இரண்டு மணித்தியாலம். ஹோட்டல் கேட்டைத் தாண்டக் கூடாது. நீ சுல்பாவைக் கேட்டடிக்குக் கூட்டி வா. நான் அங்கே நிற்பேன். வெள்ளி ராவு. மறந்துவிடாதே.

உன் ராத்தா


நுவரெலியா
17 ஆகஸ்ட் 2025

அகீலா,

ஸலாம் சொல்லாமல் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன். சுகம் விசாரிக்க மனம் இல்லை. இதைத் தபாலில் போடுகிறேன், எப்போது கிடைக்கிறதோ கிடைக்கட்டும்.

ஏன் வரவில்லை?

வெள்ளிக்கிழமை மஃரிபு தொழுத கையோடு கேட்டுக்குப் போனேன். ஸஊதுக்கு மேல் சூடு என்று அவனை என் கையில் தந்துவிட்டுத்தான் விருந்துக்குப் போனார்கள். என் பிள்ளையைத் தூக்க வேண்டிய இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு த்ரீவீலுக்கும் எட்டிப் பார்த்தேன். காவல்காரர் தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். "அது ஒங்கட பிள்ளயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஒங்கட பிள்ள எங்க?" என்றார். அவருடைய ஃபோனை வாங்கி உனக்கு ஏழு தரம் எடுத்தேன். ஏழு தரமும் அடித்து அடித்து ஓய்ந்தது.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். இந்த முறை குனியவில்லை, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் ஊர் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது, வேனை ஒரு ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், என் மகளைத் தொட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று மேடத்திடம் கேட்டேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். நாலு நாள் கத்திய பிள்ளைகள் அப்போதுதான் இரண்டும் சேர்ந்து தூங்கியிருந்தன. "வண்டி நின்றால் எழும்பிவிடுவார்கள்" என்று காதுக்குள் சொன்னாள். அது உண்மை. எனக்கும் தெரியும், நான்தானே அவர்களைத் தூங்க வைத்தேன். கத்தியிருக்கலாம். கத்தினால் எழும்பிவிடுவார்களே என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். பார், என்னை எப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

பள்ளிவாசலைத் தாண்டியதும் கடைக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளை நின்றது. மூன்று செக்கன்தான் தெரிந்தது. அது சுல்பாவா வேறு பிள்ளையா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற எனக்குத் தெரியவில்லை, அகீலா.

ஃபஹ்மியா


மாம்புரி
24 ஆகஸ்ட் 2025

ராத்தாவுக்கு ஸலாம். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். சுகமாகக் குவைத் போய்ச் சேர்ந்தீர்களா?

தபால் நேற்றுத்தான் வந்தது. நான் வரவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? வந்தேன். வெள்ளி ராவு என்றுதானே எழுதினீர்கள்? வெள்ளி ராவு எப்போது? வியாழக்கிழமை பொழுது பட்டால் வெள்ளி ராவு. நமக்கு நாள் மஃரிபில்தானே பிறக்கிறது? வெள்ளி ராவு யாஸீன் ஓதுவது வியாழன் மஃரிபுக்குப் பிறகுதானே? உம்மா நமக்கு அப்படித்தானே சொல்லித் தந்தார்கள்? இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கே சுல்பாவைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, ஃபாஹிமையும் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் போனேன். மஃரிபிலிருந்து இஷாத் தொழுகை நேரம்வரை கேட்டடியில் நின்றோம். அன்றைக்கு நின்ற காவல்காரர் வேறு ஆள், சிங்களம் மட்டும்தான். குவைத்துக்காரர்களோடு வந்த பெண் என்றேன். உள்ளே நாலு அரபிக் குடும்பம் இருக்கிறது, பெயர் சொல்லு என்றார். உங்கள் மேடத்தின் பெயர் எனக்கு எங்கே தெரியும்? இரண்டு வருஷமாக நீங்கள் மேடம் என்றுதானே சொல்கிறீர்கள்? கடைசியில் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே போய் நம் நாளை மறந்துவிட்டு, என்னைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அகீலா


குவைத்
2 செப்டம்பர் 2025

அகீலா,

ஸலாம். வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறைவில்லை.

வெள்ளி ராவு பற்றி நீ சொன்னது சரி. பிழை என்னுடையது. ஹோட்டல்காரர் மேடத்திடம் சொன்ன நாளை அப்படியே தமிழில் எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. உம்மா இருந்திருந்தால் குட்டியிருப்பார்கள். நீ பிள்ளையோடு நின்றதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் உன் ராத்தா. நீ சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் நீட்டிப் பதில் சொல்லி, கேட்ட கேள்வியை விழுங்கும்போது பிடித்தவள். இந்தக் கடிதத்திலும் வியாழனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வியாழன் நான் கேட்டில் இல்லாதபோதே, ராத்தா நாளைக்குத்தான் சொல்லியிருக்கிறாள் என்று உனக்கு விளங்கியிருக்கும். நீ மடைச்சி இல்லை. ஏழு தரம் ஃபோன் அடித்ததே, அது எங்கே? ஜூலையிலிருந்து இரண்டு தரம் கேட்டேன், வெறும் உம்மா யார் என்று. அது எங்கே?

உண்மையை எழுது. எதுவாக இருந்தாலும் தாங்குவேன். இந்த மழுப்பலைத்தான் தாங்க முடியவில்லை.

ராத்தா


மாம்புரி
21 செப்டம்பர் 2025

ராத்தா,

ஸலாம். இதை எழுத மூன்று வாரம் பிடித்தது. நாலு தாள் கிழித்தேன்.

வெறும் உம்மா நான்தான். முதலில் அவள் கூப்பிடும்போதெல்லாம், "சாச்சி எண்டு சொல்லு" என்று திருத்தினேன். ஒரு நாள் காய்ச்சலில் உம்மா, உம்மா என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குத் திருத்த மனம் வரவில்லை. காய்ச்சல் போன பிறகும் திருத்தவில்லை. அந்த நாலு வரியில் எழுதி வெட்டியது இதைத்தான்.

வியாழன் வந்தது நல்ல மனதோடு, வல்லாஹி. வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், உன் சொந்த உம்மா வாறா என்று. கேட் வழியாக வெளியே வந்த ஒவ்வொரு பெண்ணையும் காட்டி, "இவங்களா, இவங்களா?" என்று கேட்டாள். வெள்ளைக்காரியையும் காட்டிக் கேட்டாள். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்தவள், ஒரு வருஷமாக நின்றிருந்த பழக்கம், பாயை நனைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஃபோன் அடித்தபோது கையில்தான் வைத்திருந்தேன். அவர், "எடு புள்ள, ராத்தாதான்" என்றார். எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் உம்மா என்று ஒருத்தியைக் காட்டிவிட்டு, மூன்றாவது மணித்தியாலம் நான் அவளை எப்படித் தேற்றுவேன்? நீங்கள் வேனில் ஏறிப் போய்விடுவீர்கள். பாயைக் கழுவுகிறவள் நான். அது ஒரு காரணம். அவள் உங்களைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு ஓடிவிடுவாளோ என்ற பயம் மற்றக் காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

சிவப்புச் சட்டை சுல்பாதான். அன்று காலையிலேயே கடையடியில் கொண்டுபோய் நிறுத்தியது நான். ஆயிரம் செய்தாலும் நீங்கள் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். வேன் நிற்கும், நின்றால் கையைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன். நிற்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, ராத்தா. அந்த நிம்மதிக்கு மட்டும் கேட்கிறேன்.

அகீலா


குவைத்
10 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சி அகீலாவுக்கு,

ராத்தாவின் ஸலாம். நீ, உன் மாப்பிள்ளை, பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இன்சாப் நானாவின் ஃபோனில் வாசித்தேன். திருப்பிக் கொடுத்தபோது, "என்ன மகள், ஊர்ல எல்லாம் சுகமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்றிலிருந்து இரண்டு வாரமாக உன்னைத் திட்டினேன். பாத்திரம் கழுவும்போது வாய்விட்டே திட்டினேன். இந்த வீட்டில் யாருக்கு விளங்கப்போகிறது? எழுதினால் அந்தத் திட்டெல்லாம் தாளில் வந்துவிடும் என்றுதான் எழுதவில்லை.

முந்தாநாள் ஸஊத் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தான். மேடம் கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, என் காலைப் பிடித்து எழும்பி நின்று, மாமா என்றான். இங்கே பிள்ளைகள் உம்மாவைத்தான் மாமா என்று கூப்பிடும். அவன் வாயில் வந்த முதல் சொல் அது. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது, அகீலா. அதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறகுதான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உன்னைத் திட்டுவதை அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் கத்தினான். மேடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். சத்தம் ஓய்ந்து எட்டிப் பார்த்தபோது அவளுடைய தோளில் தூங்கிப்போயிருந்தான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே பாஸ்போட்டைக் கேட்டேன். இந்த முறை பொறு என்று அவள் சொல்லவில்லை. எழும்பிப் போய் எடுத்து வந்து தந்தாள். நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை பகல் கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். ஒரேயடியாக வருகிறேன்.

சுல்பா என்னிடம் வர மாட்டாள். உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உம்மா, உம்மா என்று கத்துவாள், அது என்னை அல்ல என்று எனக்குத் தெரியும். நீ அவளுடைய விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் தந்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். எவ்வளவு நேரம் கத்தினாலும் வெளியே வராதே. தாங்க முடியாமல் நானே உன்னைக் கூப்பிடுவேன். அப்போதும் வராதே.

உன் ராத்தா
ஃபஹ்மியா